கறுப்புக் கட்டத்தில் ஒரு திறப்பு விழா

செய்திப் பித்தர் என்றோர் இனம் உண்டு. கடையில் சரக்கு இருக்கிறதா, வாங்க ஆள் வருகிறதா என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம் பட்சம். பத்திரிகையில் வராத திறப்பு விழா இவர்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. கத்திரிக்கோலைப் பிடித்தால் ரிப்பனைப் பார்க்க மாட்டார்கள், காமிரா இருக்கும் திசையைத்தான் பார்ப்பார்கள். விரலை வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. அப்போதும் கவலை, ரத்தம் படத்தில் விழுந்ததா என்பதுதான்.

எகிப்தின் தந்தா நகரத்து வஹீப் கல்லீனி இந்த இனத்தின் தலைமகன். வாழ்நாள் சேமிப்பை எல்லாம் கொட்டி மின்விசிறிக் கடை வைத்தார். பத்திரிகை அலுவலகம் ஒன்று விடாமல் அழைப்பும், பெட்டி பெட்டியாகப் பஸ்பூஸா இனிப்பும் போயின. இனிப்பு தீர்ந்தது; ஒரு வரி வரவில்லை. சரி, விளம்பரமாவது கொடுப்போம் என்று போனால், இரங்கல் பக்கத்தில் மட்டும்தான் ஒரு மூலை காலி.

"மச்சான், அது சாவுப் பக்கம்!" என்றான் மனைவியின் தம்பி ஷவ்கி.

"இருக்கட்டும்டா. நம்ம ஊர்ல காலையில முதல்ல எந்தப் பக்கத்தைப் புரட்டுறாங்க? நீயே சொல்லு!"

ஷவ்கி விளம்பரப் பணத்தை எண்ண ஆரம்பித்தான். இந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் முதலில் புரட்டுவது சாவுப் பக்கத்தைத்தான்.

கறுப்புக் கட்டத்துக்குள் வஹீபின் சிரிக்காத முகம், பெயர், கடை முகவரி, 'அஸர் தொழுகைக்குப் பின் அனைவரும் வருக.'

வந்தார்கள். தெரு கொள்ளாமல், தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் நின்ற ஷவ்கியின் கையைப் பற்றி, "மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும்" என்று துக்கம் விசாரித்தபடி வந்தார்கள். யாரோ சர்க்கரையில்லாத துக்கக் காப்பியும் கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த வஹீபுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

"ஹாஜியாரே! நீங்க சாகலையா?" என்று அலறினார் எதிர் விசிறிக்கடை ஸப்ரி.

"அதெல்லாம் அப்புறம். ரிப்பன் பக்கமா நெருக்கி நில்லுங்க!"

தெரு அடைபட்டதும் நிருபர் வந்தார். விஷயத்தைக் கேட்டுப் பேனாவை மூடினார்.

"உயிரோட இருக்கவர் கடை திறந்தா அது செய்தியா, ஹாஜியாரே? நிஜமாவே செத்திருந்தா முதல் பக்கம்."

வஹீப் தாடையைத் தடவினார். "செத்துட்டேன்னு நாளைக்குப் போடுங்க. சாகலைன்னு நாளன்னிக்குப் போடுங்க. ரெண்டு தடவை வரும்ல?"

"படுபாவி! நான் விதவையாகணுமா?" என்றாள் மனைவி நஜாத்.

"ஒரே ஒரு நாளைக்குத்தாண்டி!"

முதல் பக்கத்திலேயே வந்தது: 'திறப்பு விழாவில் வணிகர் மரணம்.' மறுப்பு வரவில்லை. அந்தப் பத்திரிகைக்கு மறுப்புப் போடும் வழக்கமே கிடையாதாம். இறந்தவர் கடையில் பேரம் பேச மனமில்லாமல் ஊரே ஸப்ரியிடம் விசிறி வாங்குகிறது. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கிறது. வஹீபோ, கதவைத் தட்டுகிறவர்களிடம் எல்லாம் பத்திரிகையை நீட்டி, "படம் தெளிவா இருக்குல்ல?" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன வருஷம் உங்கள் சங்க விழாப் படம் பத்திரிகையில் வந்ததே, எதற்காகக் கூடினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. இரண்டாம் வரிசையில் ஒருவர் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதிக் காது உங்களுடையது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கும். அந்தக் காதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்திருக்கிறீர்களா, இல்லையா?