கோவிந்தன் சுத்தம் செய்த கேசட்

கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவர்களில் கம்ப்யூட்டரே தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால், என் பெயரைத் தாராளமாக முதல் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். வயது இருபத்தாறு. தெரியாது என்று சொல்லத் தெரியாத வயது.

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கப்போகிறோம், பள்ளிக்கு ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்து, யாருக்கு டைப்ரைட்டிங் தெரியும் என்று கேட்டார். நான் லோயர் பாஸ் செய்தவன். (இரண்டாவது முயற்சியில்.) கை தூக்கினேன்.

பாண்டியில் ஒரு கல்லூரியில் இரண்டு வாரம் பயிற்சி. முப்பது ஆசிரியர்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். எனக்குக் கடைசி வரிசை. எனக்கு முன்னால் ஆறடி உயரத்தில் ஒரு விளையாட்டு ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். (அவரை ஏன் அனுப்பினார்கள் என்று அவருக்கே தெரியவில்லை.) அந்த இரண்டு வாரத்தில் நான் நன்றாகப் படித்தது அவருடைய பிடரியைத்தான். கடைசி நாளன்று பயிற்சியாளர் சொன்ன ஒரே ஒரு விஷயம் காதில் தெளிவாக விழுந்தது. கேசட் கெட்டுப்போகலாம், அதனால் எப்போதும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். மொத்தப் பயிற்சியில் நான் எழுதிக்கொண்ட குறிப்பு அது ஒன்றுதான். பள்ளிக்கு வந்த விபரீதமும் அந்த ஒரு குறிப்பால்தான் வந்தது.

கேசட் எதற்கு என்று இப்போதைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கம்ப்யூட்டரை அணைத்தால் அதற்கு எல்லாமே மறந்துபோகும். அதற்கு வேண்டிய பாடத்தைச் சாதாரண பாட்டு கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, ஒரு வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து ஓடவிட்டால், அந்தச் சத்தத்தைக் கேட்டு அது பாடத்தை ஏற்றிக்கொள்ளும். மனிதக் காதுக்கு அது வெறும் 'கிர்ர்ர்... கீய்ய்ய்'தான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேப் ரெக்கார்டர், வாய்ப்பாடு கேட்கும் பாடம் பதிந்த ஒரே ஒரு கேசட்.

தலைமையாசிரியர் அந்தப் பெட்டிக்குத் தனி அறை ஒதுக்கி, பச்சைத் திரை போட்டு, பள்ளியிலேயே ஓடிக்கொண்டிருந்த ஒரே மின்விசிறியைத் தன் அறையிலிருந்து கழற்றி அங்கே மாட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். பிள்ளைகள் பம்பில் கால் கழுவிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் வரிசையாக உள்ளே போய், பெட்டியைப் பார்த்துவிட்டு, மறுவழியாக வெளியே வரவேண்டும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மற்ற நாட்களில் நான் கரும்பலகையில் கீபோர்டு வரைந்து பாடம் நடத்தினேன். ஒரு தடவை கரும்பலகையைத் துடைத்தபோது ஒரு பையன் எழுந்து, சார் இப்ப ஆஃப் பண்ணிட்டீங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஓர் ஆடி மாதம் கல்வித்துறையிலிருந்து ஓலை வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் திங்கட்கிழமை நேரில் வருகிறார். கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்ட முடியாத பள்ளியிலிருந்து அதைக் கையோடு எடுத்துக்கொண்டுபோய் டவுன் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார். தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னா சார், பொட்டி போச்சின்னா எனுக்கு மானம் போயிடும். அப்புறம் உங்குளுக்கு ஏனாம்தான். நானே எழுதி அனுப்பிடுவேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் பயங்கரம் புரியாது. ஏனாம் என்பது எங்கள் புதுச்சேரி அரசுக்குச் சொந்தமான ஊர்தான், ஆனால் ஆந்திராவுக்குள் இருக்கிறது. போய்ச்சேர ஒரு பகல், ஒரு இரவு. எனக்கு அப்போது தவளக்குப்பம் மளிகைக் கடைக்காரர் மகளை நிச்சயம் செய்திருந்தார்கள். தை மாதம் கல்யாணம். "கம்ப்யூட்டர் மாப்ள" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், பெண் கேட்கப் போன அன்றே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். ஏனாம், கேரளாப் பக்கத்து மாஹே என்று மாற்றலாகிற மாப்பிள்ளைக்குப் பெண் கிடையாது. அந்தப் பெண்ணை நான் இரண்டே முறைதான் பார்த்திருந்தேன். இரண்டாவது முறை அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தாள். ஏனாம் போவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று மனப்பூர்வமாக நினைத்தேன்.

ஆகவே முன்ஜாக்கிரதையாக ஒரு வேலை செய்தேன். இருப்பது ஒரே கேசட், திங்கட்கிழமை அது சிக்கிக்கொண்டு அறுந்தால் என்ன ஆவது? அடிக்கோடு போட்ட குறிப்பு ஞாபகம் வந்தது. தலைமையாசிரியரைக் கெஞ்சிக் கேசட்டை வாங்கிக்கொண்டு, மைக் செட் கோவிந்தனிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று சுற்று வட்டாரத்துக்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்டுபவர். பாட்டுப் பட்டியல் கொடுத்தால் கேசட்டில் பதிந்தும் தருவார். தொழிலில் சுத்தமானவர். இதில் இருப்பதை அப்படியே இன்னொன்றில் பதிந்து கொடுங்கள் என்று சொல்லி, ஒரு புதுக் கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். என்ன இருக்கிறது என்று கேட்டார். ஸ்கூல் விஷயம், சொன்னால் புரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். (எனக்கே புரியாது என்பதுதான் உண்மை.)

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. குழாய் அலறிக்கொண்டிருந்த இடத்தில், கோவிந்தன் இரண்டு கேசட்டையும் என் கையில் திணித்து, காதருகே வந்து கத்தினார்.

"ரெண்டையும் சுத்தமா பண்ணிட்டேன் சார். இனிமே கொறையே சொல்ல முடியாது."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பின்னால் கயிறும் ஒரு கட்டு வைக்கோலும் கிடந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் கட்டி எடுத்துப்போகத் தயாராகவே வந்திருக்கிறார்கள். காலையில் பூஜை போட்ட தட்டு இன்னும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பொறுக்கியெடுத்த பத்துப் பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். வாசலில் துடைப்பத்தோடு அஞ்சலை அக்கா. பள்ளியைப் பெருக்குகிறவர். முதல் நாள் திருவிழாவில் கரகம் எடுத்தவர். கையில் கட்டிய காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை.

கேசட்டைப் போட்டேன். மனப்பாடம் செய்திருந்த கட்டளையைத் தட்டினேன். திரையில், தேடுகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. கேசட் சுற்றியது. நாங்கள் காத்திருந்தோம். வயர் செருகியிருந்ததால் சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் அது தேடிக்கொண்டிருந்தது. அதிகாரிக்கு இளநீர் வந்தது. குடித்து முடித்தார். இன்னும் தேடியது.

"எவ்வளவு நேரந்தான் தேடும்?" என்றார் அதிகாரி.

"பெரிய பாடம் சார். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் இருக்கு" என்றேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் ஏனாம் தெரிந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, டேப்பில் சத்தம் வருகிறதா என்றாவது பாருங்கள் என்று சொல்லி, அவரே எட்டி வயரைப் பிடுங்கினார்.

பம்பையும் உடுக்கையும் ஒன்றாக முழங்கின. கோவிந்தன் பேஸ் சத்தத்தை வேறு நன்றாக ஏற்றியிருந்தார். ஓர் அம்மன் பாட்டு, அதுவும் சாமியை வருந்தி அழைக்கிற இடம், அந்தச் சிறிய அறையில் சுவர் அதிரக் கிளம்பியது. நான் பதறிப்போய் நிறுத்துவதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

வாசலில் துடைப்பம் விழுந்தது. அஞ்சலை அக்காவுக்குக் கண் செருகி, உடம்பு நடுங்கி, கொண்டை அவிழ்ந்தது. ஒரே எட்டில் உள்ளே வந்து, கம்ப்யூட்டருக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்று ஆட ஆரம்பித்தார். பிள்ளைகள் தடாலென்று காலில் விழுந்தார்கள். தலைமையாசிரியர் தட்டிலிருந்த கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். (யாருக்குக் காட்டுவது என்று ஒரு கணம் குழம்பி, பெட்டிக்கும் அக்காவுக்கும் சேர்த்தே காட்டினார்.)

"எவன்டா என்னெத் தூக்கிக்கினு போவ வந்தவன்?" என்றார் அக்கா, வேறு ஏதோ குரலில். "கயிறு கொண்டாந்துகிறியா? நான் இந்த எல்லைய வுட்டுப் போவ மாட்டேன். மீறித் தூக்கினா உன் வூடு தாங்காதுடா."

அதிகாரி டவுன்காரர், படித்தவர், கண்ணாடி போட்டவர். கண்ணாடியைக் கழற்றினார். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.

"தெரியாம வந்துட்டேன் தாயே" என்றார்.

விபூதி வாங்கிக்கொண்டு, ஜீப்பில் ஏறும்வரை பெட்டிக்கு முதுகைக் காட்டாமலே நடந்தார். பத்து நாள் கழித்து அவருடைய அறிக்கை வந்தது. கருவி நல்ல நிலையில் உள்ளது, உள்ளூர் மக்களிடையே பேராதரவு காணப்படுகிறது, இடமாற்றம் உகந்ததல்ல. அவ்வளவுதான். கருவிக்கு எழுதியதா எனக்கு எழுதியதா என்று தெரியாததால் தலைமையாசிரியர் என்னையும் அசைக்கவில்லை.

ஜீப் போன அன்றைக்கே கோவிந்தனிடம் சண்டைக்குப் போயிருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பரிவு. "நீங்க குடுத்ததுல ஒரே இரைச்சலு சார். டேப்பு ஹெட்டத் தொடச்சிப் பாத்தேன், ஒண்ணும் வேலைக்கி ஆவல. எவனோ உங்குள ஏமாத்திப் பதிஞ்சி குடுத்துட்டான்னு, அழிச்சிட்டு நல்ல பாட்டா போட்டேன்" என்றார். அந்த மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

வாய்ப்பாடு போனது போனதுதான். இனி ஏமாற்ற எதுவும் மிச்சமில்லை. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, தெரியாது என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டு, அவர்களும் நானுமாக ஒவ்வொரு வரியாகத் தட்டினோம். மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் திரை எங்களிடம் இரண்டும் மூன்றும் எத்தனை என்று கேட்டது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் கற்பூரத்தோடு ஓடிவந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. நான் உண்மையில் வாத்தியாரானது அன்றைக்குத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அஞ்சலை அக்காவிடம் பிறகு ஒருமுறை கேட்டேன். தனக்கு எதுவுமே நினைவில்லை என்றார். "ஆனா சார், பொட்டி போயிருந்தா ஃபேனத் திரும்பத் தன் ரூமுக்கே கழட்டிக்கினு போயிருப்பாரு எட்மாஸ்டரு. மத்தியானத்துல எங்க போயி ஒக்காருவேன்?" என்றும் சொன்னார்.

அம்மன் வந்த விஷயம் தவளக்குப்பம் கடைக்குப் போய்ச்சேர அரை நாள்கூட ஆகவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். மாமனாரோ முகூர்த்தத்தை இன்னும் முன்னதாகவே வைத்துவிட்டார். அம்மனே எல்லையை விட்டுப் போகமாட்டேன் என்றுவிட்டாள், மாப்பிள்ளை எங்கே போய்விடுவார் என்பது அவருடைய கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. அதே பள்ளியிலேயே ஓய்வு பெற்றேன்.

மகன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வருடா வருடம், அங்கேயே வந்துவிடுங்கள், இரண்டு பேரும் தனியாக ஏன் கிடக்கிறீர்கள் என்று போனில் ஆரம்பிப்பான். என் மனைவி போனை என்னிடமிருந்து வாங்கி, பொறுமையாகக் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, குரலை மாற்றுவாள்.

"எவன்டா என்னெத் தூக்கிக்கினு போறவன்?"

மகன், "தெரியாம கேட்டுட்டேன் தாயே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.