மூன்றாவது வரிசை, நான்காவது நாற்காலி

சூரியன் கிழக்கே உதிப்பதற்குக்கூட எழுத்துப்பூர்வமாக எதிர்ப்புத் தெரிவிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஆலங்குடி தாலுகாவில்தான் இருந்தார். அவரை எல்லோரும் ஆட்சேபணை என்றே கூப்பிட்டோம். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. அதில் எழுத்துப் பிழை இருப்பதாக அவரே ஒரு மனு கொடுத்திருந்தார். அது தீரும்வரை அந்தப் பெயரை யாரும் தொடுவதில்லை என்று ஊரும் முடிவு செய்துவிட்டது.

புதுக்கோட்டை சாலையில் வேப்பங்காட்டு விலக்கில் அவருக்குப் பஞ்சர் கடை. எனக்குத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. வாரத்தில் மூன்று நாளாவது அவர் கடையை விட்டுவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். டியூப் ஓட்டையை அடைப்பதைவிட அரசாங்கத்தின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு ருசி அதிகம்.

டவுன் பஸ் இரண்டு நிமிடம் முன்னதாக வருகிறது என்று ஒரு மனு. "லேட்டா வந்தா காத்துக் கெடக்கலாம் தம்பி. சீக்கிரம் வந்தா விட்டுட்டுல்ல போயிருது," என்பார். மழைமானியில் குருவி கூடு கட்டியிருப்பதால் தாலுகாவின் மழைக் கணக்கை ஏற்க முடியாது என்று ஒரு மனு. மகள் கல்யாணத்தில் ரசம் நீர்த்திருந்தது என்று இலுப்பூர் சம்பந்திக்கே ஆட்சேபணை அனுப்பினார். சம்பந்தி பதிவுத் தபாலில் பதில் போட்டார். எல்லாம் மூன்று பிரதி. அந்தக் குடும்பங்கள் இன்றும் நெருக்கமாக இருக்கின்றன என்றால் அதற்குத் தபால்காரரின் பொறுமையும் ஒரு காரணம்.

அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினி. ஆட்சேபணை என் கடையிலேயே உட்கார்ந்துவிடும் நாட்களில் மதினி தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். இடது காது சரியாகக் கேட்காது. யார் பேசினாலும் தலையைக் கொஞ்சம் திருப்பி, வலது கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கேட்பார்.

"இந்த மனுசன் என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டுந்தான் ஒண்ணும் சொல்லல," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "அன்னைக்கிப் பேனாவ மறந்துட்டு வந்துட்டாரு போல."

ஆட்சேபணை தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்தது.

விலக்கில் இவர்கள் வீடு சாலைக்கு இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம். ஒருநாள் காலை எட்டரை மணி வெயிலில், குடத்தோடு கடக்கும்போது, மதினி மீது ஒரு கார் மோதிவிட்டது. கார் இடது பக்கமிருந்து வந்தது. ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்சேபணை என் கடைக்கு வந்தார். அன்று அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். நானே வெள்ளைத்தாளை எடுத்து வைத்தேன். அவர் பகலில் எரியும் தெருவிளக்கைப் பற்றி ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் எழுதிய மனிதர் அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதவே இல்லை. நான்கு வருடம் நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் திட்டம் வந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தாலுகா அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது, மக்கள் படித்துவிட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசலாம் என்று அறிவிப்பு. தலையணை தண்டி அறிக்கை. அப்படி ஒன்றைப் படிக்க ஒரு ஆள் வருவான் என்று அதை எழுதியவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். ஆட்சேபணை தினமும் பத்து மணிக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மத்தியானம் என் கடைக்கு வந்து அன்றைய பாடத்தை ஒப்பிப்பார்.

"இங்கிலீசுலேருந்து யாரோ தமிழ்ல பேத்திருக்காங்க தம்பி. 'உணர்ச்சிவசப்படக்கூடிய இடங்கள்'னு ஒரு தலைப்பு. பள்ளிக்கூடம் ஒண்ணு, ஆஸ்பத்திரி ஒண்ணுன்னு போட்டிருக்கான். கல்யாண மண்டபத்த விட்டுட்டான்."

"எழுதுங்கண்ணே."

"எழுதிட்டேன்."

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, அவர் பாடம் ஒப்பிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் கிளார்க்கைக் கெஞ்சி அறிக்கையையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார்.

"இந்தப் பக்கத்த மட்டும் ஒரு காப்பி எடுங்க தம்பி."

கம்பெனிக்காரர்கள் போன வருடம் விலக்குப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்காரர்களை அழைத்து நடத்திய கூட்டத்தின் படம் அது. பின்னால் பேனர், அதில் தேதி. நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் கொட்டாவி விடுகிற முகம்.

மூன்றாவது வரிசை, நான்காவது நாற்காலியில் பஞ்சவர்ணம் மதினி உட்கார்ந்திருந்தார்.

காப்பிக் கலர் சேலை. தலையைக் கொஞ்சம் திருப்பி, வலது கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, பேசுகிறவரைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டம் நடந்தபோது அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

யாரோ அவரை மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்லப் பார்த்தேன். ஆட்சேபணை அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வருகைப் பதிவு. பதினோராவது கையெழுத்து: பஞ்சவர்ணம. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. மதினி நாற்பது வயதில்தான் கையெழுத்துப் போடப் பழகினார். அந்தப் புள்ளியை மட்டும் கடைசிவரை வைக்கவில்லை. அதற்கும் வீட்டுக்குள் வாய்மொழியாக ஓர் ஆட்சேபணை நிலுவையில் இருந்தது எனக்குத் தெரியும்.

காப்பி எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் எல்லா முகமும் தார் பூசியது போலக் கறுத்துப்போய் வந்தது. மதினி முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மறுபடி எடுத்தேன், அப்படியேதான் வந்தது. சாயங்காலம் மெஷின் சர்வீஸ் செய்கிறவர் வந்து பார்த்துவிட்டு டோனர் கோளாறு என்றார். டோனருக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு, வாரண்டியில் அதெல்லாம் வராது என்று சொல்லிவிட்டார்.

அந்த மோசமான காப்பி ஒன்று மேஜையிலேயே கிடந்தது. விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் பாத்திமா அக்கா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"தம்பி, இந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். இந்தா, மடியில பையோட இருக்கிறது நான்."

"பக்கத்துச் சேர்ல யாருக்கா?"

"யாருமில்ல. காலியாத்தான் கெடந்துச்சு. பைய அதுல வச்சுக்கலாமுன்னு பாத்தேன்." படத்தில் அந்த நாற்காலியை விரலால் தொட்டார். "என்னமோ வைக்கத் தோணல. மடியிலயே வச்சுக்கிட்டேன்."

ஒரே வாரத்தில் ஊர் முழுக்கச் சேதி பரவியது. பயந்தவர்கள் பாதி. மீதிப் பேருக்கு இதில் வழி தெரிந்தது. செத்துப்போனவரிடம் கையெழுத்து வாங்கிய கூட்டம் பொய்க் கூட்டம். அதை நிரூபித்தால் அறிக்கையே செல்லாது. சாலைத் திட்டம் நின்றால் ஊரணிக்கு வரும் கால்வாய் தப்பும், புளிய மரங்கள் தப்பும், பஞ்சர் கடையும் அதன் பின்னால் உள்ள வீடும் தப்பும். ஆட்சேபணை வாயைத் திறந்தால் போதும்.

அவர் திறக்கவில்லை. "பாப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கு அந்தப் படத்தைவிடப் பயமாக இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஆலங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் போகும்போதே கூட்டம் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நான்காவது நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. யாரும் துண்டு போட்டு வைக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவும் இல்லை. ஒரு பெரியவர் அதில் உட்காரப் போய், என்ன நினைத்தாரோ, சுவரோரமாகவே போய் நின்றுகொண்டார்.

தலைமை ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்டவர், பொறுமைசாலி. ஆட்சேபணை மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசியும் அவர் குறுக்கிடவில்லை என்றால் வேறு என்ன சொல்வது. கால்வாய், மரம், பாலத்தின் உயரம், உணர்ச்சிவசப்படும் மண்டபம் என்று எல்லாம் வந்தது. படம் வரவில்லை. நன்றி சொல்லி மைக்கைக் கொடுக்கப் போனார்.

அப்போது பாத்திமா அக்கா எழுந்தார்.

"அம்மா, இவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். அந்த ரிப்போர்ட்டுல கூட்டத்துப் படம் இருக்குல்ல, அதுல ஒக்காந்திருக்கிறது இவரு வீட்டுக்காரம்மா. அவங்க மௌத்தாயி அப்பவே மூணு வருசம்."

அதிகாரி பக்கத்தைத் தேடி எடுத்தார். கம்பெனியின் இளம் இன்ஜினியர் அந்த அச்சுப் பக்கத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் போட்டார். சுவர் அகலத்துக்கு மதினி வந்து உட்கார்ந்தார்.

"இவங்க உங்க மனைவியா?" என்று அதிகாரி கேட்டார்.

ஆட்சேபணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கம்மா."

"இறந்துட்டாங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்போ அவங்க இந்தக் கூட்டத்துக்கு வரலைன்னு ஆட்சேபணை தெரிவிக்கிறீங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"இல்லீங்கம்மா. வந்திருக்கா. படத்துல இருக்கா, கையெழுத்தும் அவளுதுதான். அவ எப்படி வந்தான்னு எனக்குத் தெரியாது, கம்பெனியத்தான் கேக்கணும். என் ஆட்சேபண வேறங்கம்மா." குரல் மெதுவாகத்தான் வந்தது. "இவ்வளவு தூரம் வந்து ஒக்காந்திருக்கா. அவ கருத்த யாரும் எழுதலையே. யாருமே அவளக் கேக்கலையே."

அதிகாரி பேனாவை எடுத்தார். "என்ன சொல்லியிருப்பாங்க?"

"கொழாய் அங்கிட்டு இருக்கு, வீடு இங்கிட்டு இருக்கு. ஒங்க ரிப்போர்ட்டுல 'இவ்விடத்தில் மக்கள் சாலையை நடந்து கடப்பதில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. நாங்க கடக்குறோங்க. கொடத்தோட கடக்குறோம். ரெண்டு வழியா இருக்கையிலயே அவளால கடக்க முடியல. நாலு வழியாக்குனா பொம்பளைங்க எப்படிப் போவாங்க. கடக்க ஒரு வழி வைங்க. இதத்தான் சொல்லியிருப்பா."

அப்புறம் அவர் உட்கார இடம் தேடினார். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி தானே எழுதினார், கிளார்க்கிடம் கொடுக்கவில்லை. நான் பின்னால் அந்த நடவடிக்கைக் குறிப்புக்கும் ஜெராக்ஸ் எடுத்தேன். அதில் கருத்துத் தெரிவித்தவர்கள் பட்டியலில் 'பஞ்சவர்ணம், வேப்பங்காட்டு விலக்கு, கணவர் மூலமாக' என்று இருக்கிறது. கம்பெனி எல்லா ஊரிலும் மறுபடி கூட்டம் நடத்த வேண்டும் என்று உத்தரவானது. புதிய வரைபடத்தில் விலக்கில் சாலைக்கு அடியில் ஒரு நடைபாதை வந்திருக்கிறது. பஞ்சர் கடை போகும் என்றும் அதே வரைபடம் சொல்கிறது. ஆட்சேபணை கடையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நடைபாதையில் படி வேண்டாம், குடத்தோடு இறங்க முடியாது, சரிவாகப் போடுங்கள் என்று நான்கு பக்கம் எழுதினார்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்த இளம் இன்ஜினியர் என் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"சார், அந்தப் பக்கத்த நான்தான் செட் பண்ணேன். கேமராவுல எடுத்த ஒரிஜினல் இதுதான். இதத்தான் அப்படியே வச்சேன். யாரும் கை வைக்கல, சத்தியமா."

அதே பேனர், அதே கொட்டாவிகள், மடியில் பையோடு பாத்திமா அக்கா. பக்கத்து நாற்காலி காலி.

"அறிக்கை எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டேன் சார். அச்சடிச்ச எல்லாத்துலயும் அந்தம்மா இருக்காங்க. இதுல இல்ல." அவர் என்னைப் பார்த்தார். "அவர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். கெளம்புங்க," என்றேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பவும் எதிரே பஸ்ஸிலிருந்து ஆட்சேபணை இறங்கவும் சரியாக இருந்தது.

"யாரு தம்பி, கம்பெனி ஆளு மாதிரி இருந்துச்சு?"

"ஆமாண்ணே. அந்தப் படத்தப் பத்திப் பேசிட்டுப் போறாரு."

"தப்புங்கிறானா?"

"இல்லண்ணே. நல்லா விழுந்திருக்குன்னு சொன்னாரு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அந்தப் படத்தின் காப்பியை வெளியே எடுக்காமல் தொட்டு மட்டும் பார்த்துக்கொண்டார்.

"அவ போட்டோவுல நல்லா விழவே மாட்டா தம்பி. ஆதார்ல இருக்கிறது அவளே இல்ல, ஏதோ கேசுல மாட்டுன பொம்பள. இதுல எடுக்கிறாங்கன்னே தெரியாம ஒக்காந்திருக்கா. அதான் அவளாவே இருக்கா." சட்டைப்பை மேலேயே கை வைத்தபடி, "சரிதானே தம்பி?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் சரிதானே என்று கேட்டதில்லை.

"சரிதாண்ணே," என்றேன்.