திறக்காத உறையும் செலக்‌ஷன் பாயும்

ஒரு டெண்டரில் நான் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். அதனால் செலக்‌ஷன் பாய்க்குக் கிடைத்திருக்கக்கூடிய வேலை வேறொருவருக்குப் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், பாயின் வேடிக்கைகளைக் காட்டிச் சிரிக்க வைத்து நான் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும்.

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரை, பாயைப் போல உலகத்தையே கட்டைவிரலால் தேய்த்துத் தரம் சொன்ன மனிதர் பிறந்ததில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்குச் செலக்‌ஷன் வேலை. பதனிட்ட தோல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஃபர்ஸ்ட், செகண்டு, தேர்டு, ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். வேலை நேரம் முடிந்தாலும் விரல் நிற்காது. பஸ் சீட்டு தேர்டு. கண்டக்டர் செகண்டு. நாடி பார்க்க டாக்டர் கையை நீட்டினால், பாய் முந்திக்கொண்டு டாக்டரின் கையைத் தடவிப் பார்ப்பார்.

முதலாளி வீட்டுக் கல்யாணத்தில், கீழே விழுந்த மாலையை எடுக்கக் குனிந்தவர் மாப்பிள்ளையின் ஷூவையும் ஒரு தடவு தடவினார். "செகண்டை ஃபர்ஸ்டுன்னு சொல்லிக் குட்த்துட்டானுங்க மாப்ள" என்றார். அந்த ஷூ முதலாளியின் சொந்தத் தயாரிப்பு. மறுவாரம் முதலாளி ஒரு கட்டு மட்டத் தோலை ஃபர்ஸ்ட்டில் சேர்க்கச் சொன்னார். "தோல் உங்களுது மொதலாளி, வெரலு என்னுது" என்று சொல்லிவிட்டு பாய் வெளியே வந்துவிட்டார்.

பிறகு கேபிள் டிவி நடத்தினார். எல்லோரும் போனில் படம் பார்க்கத் தொடங்கியதும் சந்தாக்காரர்கள் குறைந்தார்கள். அவரிடம் இருந்த பன்னிரண்டு ஆட்களுக்கும் வேலை இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் பாய் கண்ணாடி இழைக் கேபிளை ஒட்டக் கற்றுக்கொண்டார். அப்போதுதான் மாதனூர் பக்கத்து ஊராட்சிகளுக்கு இணையக் கேபிள் பதிக்கும் டெண்டர் வந்தது. அது கிடைத்தால் பன்னிரண்டு பேரும் பிழைத்துக்கொள்வார்கள். போட்டியிடுபவர்களின் தொழில்நுட்பத் தகுதியைப் பார்க்கும் அதிகாரி நான்.

டெண்டர் வெளியாகும் முன் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. "சார், அண்ணனோட மச்சான் கம்பெனி ஒண்ணு இருக்குது. அவுங்ககிட்ட சொந்தமா ரோட்டுக்கு அடியில தொளை போடுற மிஷின்லாம் இருக்குது. கொஞ்சம் பாத்துக்குங்க." அவ்வளவுதான். மிரட்டவில்லை, பணம் பேசவில்லை. நானே பயந்து, நானே எழுதினேன்: 'ஒப்பந்ததாரர் துளையிடும் இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும்.' மாவட்டத்தில் அது அந்த ஒரு கம்பெனியிடம்தான் இருந்தது.

டெண்டர் விளக்கக் கூட்டத்துக்குப் பாய் வந்தார். எங்கள் அலுவலக நாற்காலியைத் தடவி, "ரிஜெக்ட்டு" என்று சொல்லி நின்றுகொண்டார். டெண்டர் ஆவணத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். பக்கங்களின் மீது ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"சார், இந்த ஒரு லைன்ல மட்டும் எழுத்து சின்னதா இருக்குது. வேற தோலை வெட்டி ஒட்டு போட்டாப்ல கீது."

"அது விதிமுறை பாய்."

"பாலாத்து மணலுக்கு மிஷின் எதுக்கு சார்? ஹைவேயைத் தாண்டுற ரெண்டு எடத்துக்கு வாடகைக்கு எடுத்தா போதாதா? இன்னா சார் இது, யார் எழுதுனது?"

"மேலிருந்து வந்தது."

நான் கூசாமல் சொன்ன பொய் அது.

டெண்டரில் இரண்டு உறைகள் உண்டு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். இருந்தாலும் உறை என்றே சொல்கிறோம். முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தவறியவரின் விலை உறையைத் திறக்க மாட்டார்கள். பாய் வாடகை இயந்திரத்துக்கான கடிதத்தை இணைத்திருந்தார். 'சொந்தமாக இல்லை' என்று எழுதி நான் அவரை நீக்கினேன்.

மறுநாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

"நான் ஜாஸ்தி போட்டிருந்தேனா, கம்மி போட்டிருந்தேனா சார்?"

"தெரியாது பாய். திறக்கவே இல்ல."

"முப்பது வருசம் தோல் பாத்தேன் சார். கை வெக்காம ஒண்ணைக்கூட ரிஜெக்ட்டுனு தூக்கிப் போட்டதில்ல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

மச்சான் கம்பெனி கேபிளைப் பதித்தது. ஐந்தடி ஆழத்தில் போக வேண்டியது ஒரு சாண் ஆழத்தில் போனது. முதல் உழவிலேயே வேர்க்கடலைச் செடி போலக் கொத்தாக மேலே வந்தது. பாய் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மாதனூரிலிருந்து பள்ளிகொண்டா வரை நடந்தே போய், அதன் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்தித் தரம் சொன்னார். ஒரு டீக்கடையில் யாரோ, "எங்கூருக்கு இன்டர்நெட்டு வந்துச்சா பாய்?" என்று கேட்டிருக்கிறார். "வந்துச்சே! நாலு வூட்ல துணி காயப் போட்டுக்கிறாங்க" என்றாராம் பாய்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறைக்குக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தேன். அதன் நகலோடு ஆம்பூருக்குப் போனேன். பாய் முழுவதும் படித்தார்.

"இதால உங்க பென்ஷனுக்குப் பேஜார் ஆவுமே சார்?"

"ஆகும் பாய். அன்னிக்கு உங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

"அது அப்பவே தெரியும். மேலேர்ந்து வர்ற லைன்ல இவ்ளோ நல்ல தமிழ் இருக்காது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்து வந்தது விசாரணை. என் பென்ஷனில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். கேபிளைத் திரும்பப் பதிக்க, அந்த வரி இல்லாமல் புது டெண்டர் விட்டார்கள். பாயும் போட்டியிட்டார். உறைகளைத் திறந்த அன்று எனக்கு அவர் போன் செய்தார்.

"தோத்துட்டேன் சார்!" பேரன் பிறந்ததைச் சொல்லும் குரல்.

"என்ன பாய் சொல்றீங்க?"

"குடியாத்தத்துப் பொண்ணு ஒண்ணு, எஞ்சினியர், என்னைவிடக் கம்மியா போட்டுது. என் கவரையும் தொறந்தாங்க சார். எல்லார் முன்னாடியும் படிச்சாங்க. ஒழுங்கா தோத்தேன். நம்ம பசங்கள்ல எட்டுப் பேரை அந்தப் பொண்ணு வேலைக்குக் கேக்குது."

மீதி நான்கு பேருக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார். என் விசாரணை இன்னும் முடியவில்லை. அதற்காக நான் வேலூர் போகும் நாட்களில், யாரும் கூப்பிடாமலே ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, விசாரணை அலுவலக வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். வர வேண்டாம் என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஆனால் பஸ் தாமதமானால், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.