ஏர்பேக் பெட்டி ஏன் பதில் சொல்லவில்லை?

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், கார் மட்டும் சௌக்கியமில்லை. நீ மூன்று நாள் இரவல் வாங்கி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அதற்கு இந்த நிலை என்பதால், அங்கே நீ சௌக்கியமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு கேட்கிறேன்.

மடியில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு மூன்று வாரமாக என் முகத்துக்கு நேரே எரிகிறது. மோதினால் விரிந்து ஆளைக் காப்பாற்றுகிற ஏர்பேக் வேலை செய்யாது என்று அதற்கு அர்த்தமாம். உன் அக்கா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "அந்த லைட்டு எரியற வண்டியில என் பேத்தி ஏற மாட்டா. ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்ஸில கூட்டிட்டு வந்துக்கலாம்." பிறந்து நான்கு நாளான பேத்திக்கு அதற்குள் ஒரு கொள்கை! நான் பெற்ற மகளை அன்றைக்குக் கூட்டமான பஸ்ஸில், நின்றுகொண்டே வீட்டுக்குக் கொண்டு வந்தவன். அவள் மகளையாவது சொந்தக் காரில் கொண்டு வர வேண்டும் என்றுதான் ரிட்டயரான பிறகு இந்தக் காரையே வாங்கினேன். அது உனக்கும் தெரியும்.

ஆகவே இன்று காலை என் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். துவைத்தால் ராசி போய்விடும் என்று உன் அக்காவை நான் தொடவிடாத அதே சட்டைதான். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். காருக்குள் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, ஏர்பேக்குக்கு ஒரு பெட்டி என்று இருக்கிறதாம், எல்லாம் இரண்டே இரண்டு கம்பியில் நாளெல்லாம் பேசிக்கொள்கிறதாம். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். முப்பத்துநான்கு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் பார்த்தவன் இத்தனை நாளும் ஓர் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்து காய்கறி வாங்கப் போயிருக்கிறேன்! ஸ்கேனர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டது. இன்ஜின் இருக்கிறேன் என்றது, பிரேக் இருக்கிறேன் என்றது. ஏர்பேக் மட்டும் கப்சிப்.

"பெட்டி செத்துப்போச்சு சார். புதுசு போடணும். வர பத்து நாளாகும்" என்றார்.

"கூப்பிட்டா எடுக்கலைன்னா ஆள் செத்துட்டான்னு அர்த்தமா? லைன் அறுந்திருக்கலாம். இல்ல, பாவம், பட்டினியா இருக்கலாம். கரண்ட் போகுதான்னு பாத்தீங்களா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருந்தாலும் நல்ல மனுஷன், மீட்டரை எடுத்தார். பேசுகிற இரண்டு கம்பியையும் அளந்தார், சரியாக இருந்தது. சரி, ரோடு நன்றாக இருக்கிறது, வீட்டுக்குள்தான் கோளாறு என்று கியருக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினோம். பெட்டி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எர்த் கம்பி நல்ல இறுக்கம். கரண்ட் வர வேண்டிய கம்பியில் மீட்டரை வைத்தால் சுத்தமாகப் பூஜ்யம். "ஃபியூஸைப் பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் தன் ஃபியூஸைப் பார்க்கப் போய்விட்டார்.

ஃபியூஸ் எரிந்திருக்கவில்லை. ஃபியூஸே இல்லை! காலி இடம், பல் பிடுங்கிய மாதிரி.

"தானா விழாது சார். யாரோ எடுத்திருக்காங்க" என்றார் மெக்கானிக்.

எனக்கு உடனே உன் முகம் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது போன் சார்ஜ் ஏறவில்லை என்று முனகினாய் அல்லவா? அந்த சார்ஜர் சாக்கெட்டின் எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகப் போட இதைப் பிடுங்கியிருப்பாய். சீட்டை என் கால் எட்டாத தூரம் பின்னால் தள்ளி வைத்தவனும் நீதான். அதை முன்னால் இழுக்கும்போது என் மூக்குக்கண்ணாடி அடியில் விழுந்து, மறுநாள் சீட்டையே கழற்றி எடுக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக்கிடம் எங்கள் எக்ஸ்சேஞ்ச் சட்டத்தைச் சொன்னேன். எதில் கை வைத்தாலும் முதலில் ஃபியூஸைப் பிடுங்கு, பிடுங்கியதை உன் பைக்குள்ளேயே வை, வேலை முடிந்ததும் திரும்பப் போடு. "முப்பத்துநாலு வருஷம், ஒரு ஃபியூஸ் தொலைச்சதில்ல. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும்" என்று சட்டைப் பையைத் தட்டியும் காட்டினேன். அவர் அப்படியே அசந்துபோனார்.

புது ஃபியூஸ் போட்டதும் பெட்டி பேசிவிட்டது, விளக்கும் அணைந்தது. என் மனம்தான் ஆறவில்லை. ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடியவன் அந்தக் குழந்தையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உண்மையை ஒப்புக்கொண்டு நாலு வரி எழுது, அப்புறம் யோசிக்கிறேன்.

உன் வீட்டாருக்கு என் அன்பும் ஆசியும். உன் பங்கை உன் பதில் வந்த பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: மெக்கானிக் ஷெட் அழுக்கு என்று சொல்லி, நான் குளிக்கும்போது உன் அக்கா காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்துவிட்டாள். பையில் ஒரு ஃபியூஸ் இருந்ததாம். அதைச் சுற்றி, எக்ஸ்சேஞ்ச் வழக்கப்படி, ஒரு துண்டுக் காகிதம். "ஆள் வேலை செய்கிறான். தொடாதே" என்று என் கையெழுத்து. மூக்குக்கண்ணாடிக்காகக் கார் சீட்டைக் கழற்றிய அன்றைய தேதி. நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் பிடுங்கிக்கொண்டாள். "ஒரு எழுத்து மாத்தக் கூடாது. அவனும் படிக்கட்டும்" என்று அவளே கொண்டு வருகிறாள். என்னை மன்னித்துக்கொள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கட்டாயம் வா. காரை நீதான் ஓட்ட வேண்டுமாம். நான் பின்சீட்டில் பேத்தியின் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். ஃபியூஸ் பெட்டி என் கைக்கு எட்டாத இடம் அது ஒன்றுதானாம்.