அட்டவணைக் கணவர்

கணவர்களில் அட்டவணைக் கணவர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் காணக் கிடைக்கும். டாக்டர் பேசுவது மனைவியிடம்; குறிப்பெடுப்பது இவர்.

நம்மவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மனைவி பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஆறு வருஷம். கருமுட்டை வளர அவளுக்கு ஐந்து நாள் மாத்திரை, பிறகு ஸ்கேன், பிறகு முட்டை வெளிவர ஓர் ஊசி. "ஊசி போட்டு ரெண்டு நாளைக்குள்ள சேர்ந்திருங்க, போதும்" என்றார் டாக்டரம்மா. நம்மவருக்குப் போதுமா? முட்டை வெளிவரும் மணியை இணையத்தில் தேடிக் கணக்குப் போட்டு, மூன்று நிற மையில் கட்டம் வரைந்து, பீரோ கதவின் உட்புறம் ஒட்டி, செல்போனில் நான்கு அலாரம் வைத்து, படுக்கையறையை இன்னொரு டிப்போவாக்கிவிட்டார்.

மூன்றாவது மாதம். புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு மேனேஜர் முன் போய் நின்றார், கன்னத்தில் கை வைத்தபடி.

"மாசாமாசம் ஒரே வாரத்துலயாய்யா உமக்குப் பல்லு வலிக்கும்?"

"வேர் வரைக்கும் போயிருச்சு சார்."

வீட்டில் டீச்சர், அரைநாள் லீவில், நெற்றியில் ஈரத்துணியோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"மணி மூணு அஞ்சு. பேப்பரை எடுத்து வை."

"இன்னும் நாலுதாங்க இருக்கு."

"முட்டை காத்திருக்காதும்மா."

"நான் காத்திருந்தா மட்டும் பரவாயில்லையா?"

அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். அப்புறம்தான் ஆபத்து. அலாரம் அடித்தது, ஜன்னல் திரை இறங்கியது, கட்டத்தில் எழுதியபடி எல்லாம் நடந்தது. அவர் உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. நாலரைக்கு நாலாவது அலாரமும் அடித்து ஓய்ந்தது. கட்டில் விளிம்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னால ஒரு மாசம் வீணாப்போச்சு."

டீச்சருக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது கண் நனைந்திருந்தது.

"டாக்டர் ரெண்டு நாளுன்னாங்க. நாளைக்கும் நாள்தானே? மூணு மாசமா இந்த மாத்திரை தலையைப் பிளக்குது. உங்க கட்டத்துல அதுக்கு ஒரு இடம் இருக்கா?"

இல்லை. அவள் நெற்றித் துணியைத் தொட்டுப் பார்த்து, "இப்பவும் வலிக்குதா?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அவர் நேரம் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி அது.

மறுநாள் அலாரம் அடிக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. அதற்கு மேல் எட்டிப்பார்ப்பது நமக்கு அழகல்ல.

உண்டாகிவிட்டாள் என்று முடித்தால் உங்களுக்கு நிம்மதி. ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் குளியலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. அழும் சத்தம் மட்டும் வந்தது. கட்டத்தில் குறிக்க அவர் பேனாவைத் தேடவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.

"டிப்போவுக்கு நேரமாகலையா?" என்றது உள்ளிருந்து குரல்.

"ஆகட்டும்."

அன்று ஏழரை வண்டி பதினொரு நிமிஷம் தாமதம். பயணிகள் திட்டினார்கள். திட்டட்டும்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்களா? நல்லது. இன்று காலை உங்கள் மனைவி உங்களிடம் கடைசியாக என்ன சொன்னாள்? சொன்னது நினைவுக்கு வராமல், சொல்லும்போது மணி எட்டே கால் என்பது மட்டும் வந்தால், மன்னிக்கவும், இவ்வளவு நேரமும் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.