மீனிங் அங்கிள் கூட்டிய கூட்டம்

கண்ணுகளா, நம்ம டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் மீனிங் அங்கிளுக்கு ஹலோ சொல்லிவிட்டு அரை மணிக்குள் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. அந்த ஹலோ எங்கே பிறந்தது, யாருக்கு வாக்கப்பட்டது என்று சொல்லி முடித்துத்தான் விடுவார். பல் பிடுங்கப் போன இடத்தில், ‘டூத்’துக்கு ஜெர்மனியில் யார் சொந்தம் என்று வாயில் பஞ்சோடு விளக்கியவர்.

அப்போது உங்கள் அம்மா சனிக்கிழமைகளில் நம் வீட்டில் தமிழ் வகுப்பு நடத்தினாள். வாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும். குடியிருப்புச் சங்கமான எச்.ஓ.ஏ.விலிருந்து கடிதம் வந்தது: வாசலில் கிடக்கும் ‘திங்ஸ்’ போக வேண்டும், இல்லையேல் வகுப்பு நிற்க வேண்டும். அம்மா அன்று சாப்பிடவில்லை. ஐ.டி.ஐ. படித்த நான் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டு அங்கிளிடம் ஓடினேன்.

அவர் ஒரே சொல்லைத்தான் பார்த்தார். ‘திங்’ என்றால் ஆதியில் சாமான் இல்லையாம், ஊர்க்கூட்டமாம். பிறகு கூட்டத்தில் பேசும் விவகாரமாகி, கடைசியில் வெறும் சாமானாகத் தேய்ந்ததாம். ஜெர்மன்காரர் வாயில் அது ‘டிங்’. நார்வே, டென்மார்க் பார்லிமென்ட் பெயர்களில் பழைய அர்த்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

“அங்கிள், கிளாஸே நிக்கப்போகுது. இப்ப எதுக்கு நார்வே?”

“அதத்தான்ப்பா சொல்றேன். செருப்ப அப்புறம் பாக்கலாம், மொதல்ல கூட்டத்துக்குப் போ. நம்மாளு ஒருத்தராவது எச்.ஓ.ஏ. மீட்டிங் அட்டெண்ட் பண்ணிருக்கோமா?”

இல்லைதான். அவரே வீடு வீடாகப் போய் அழைத்தார். நார்வேயைப் பாதியில் நிறுத்துவதற்காகவே எல்லோரும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டத்தன்று கிளப்ஹவுஸ் நிறைந்துவிட்டது. சங்கத் தலைவி, பிறந்ததிலிருந்தே டெக்சாஸ்காரர், வாசலில் அப்படியே நின்றார். நானும் எட்டிப் பார்த்தேன். வழக்கே செருப்பைப் பற்றியது. நாங்களோ பழக்கதோஷத்தில் அறுபது ஜோடியை அங்கே கழற்றிவிட்டு வந்திருந்தோம்.

அந்தம்மா குவியலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தன் பூட்ஸைக் கழற்றினார்.

பத்தே நிமிடம். கேரேஜ் பக்கம் மூடிய அலமாரி வைத்தால் போதும், வகுப்பு நடக்கட்டும் என்று முடிந்தது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அங்கிளின் நார்வே உரைக்கு வேலையில்லாமல் போனது. விடுவாரா? பார்க்கிங்கில் யாரோ இருவரைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே நடந்து போனார்.

உங்களை அம்மாவோடு அனுப்பிவிட்டு நாற்காலிகளை மடக்கி வைத்தேன். வாசலில் ஒரே ஒரு ஜோடி மிச்சம், அதில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அங்கிள் வெறுங்காலோடு போயிருக்கிறார். எடுத்துக்கொண்டு தனியாக அவர் வீடு வரை நடந்தேன். காலையில் நேராக மாட்டிக்கொள்ள வசதியாக, இரண்டையும் அவர் வாசலில் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.