பைய அண்ணாச்சியின் சில்லுக்கு நான் வைத்த பொட்டு

கல்லூரி முதல்வரையே முகம் கழுவ அனுப்பிய மனிதர் திருநெல்வேலிச் சீமையில் ஒருவர்தான். பைய அண்ணாச்சி. எதற்கெடுத்தாலும் மெதுவாக என்பதற்கு "பைய, பைய" என்பார். பைய நட, பைய மூச்சு விடு, பையத் தும்மு. எப்படிப் பையத் தும்முவது என்று கேட்டால், "வெளிய போய்த் தும்முலே."

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆராய்ச்சியாளர், நான் உதவியாளன். கண்ணுக்குத் தெரியாத நானோ கம்பிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு சில்லில், அதாவது சிப்பில், அடுக்குவார். மூளை நரம்புகள்போல அவை ஒளியால் பேசிக்கொள்ள வேண்டுமாம்.

"ஒரு கம்பி மினுங்கினா அடுத்த கம்பி பாக்கும். எத்தனை கம்பி மினுங்குதுன்னு பாத்துட்டு, தானும் மினுங்கவா வேண்டாமான்னு முடிவு பண்ணும். அவ்வளவுதாம்லே மூளை."

"அப்ப என் மூளை, அண்ணாச்சி?"

"அங்கன இன்னும் கரண்டே வரல."

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கடுப்பு.

ஒருநாள் முதல்வர் முகம் நிறையப் பவுடரோடு வந்தார். அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார். "சார், ஒரு பொடி விழுந்தா இதுக்கு வாதம் வந்துரும். முகத்தைக் கழுவிட்டு வாங்க." முதல்வர் கழுவிவிட்டுத்தான் வந்தார்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் நிபுணர் குழு வருவதாக இருந்தது. சில்லு வேலை செய்தால் அறை அவருக்கு. இல்லையென்றால் அது ஸ்டோர் ரூம். பூஜை சமயத்தில் அண்ணாச்சி தன் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு உவரி போனார். சில்லுப் பெட்டியின் சாவியை என்னிடம்தான் தந்தார்.

"பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வையி. இந்தப் பெட்டியை மட்டும் திறக்காத."

திறந்தேன். ஈரச் சந்தனத்தைத் தொட்டுச் சில்லின் நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். பக்தி என்று சொன்னால் பொய். முழுக்க வீம்பு. துடைத்துப் பார்த்தேன். கம்பிகளும் துணியோடு வந்துவிட்டன.

திரும்பி வந்தவர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"யாருலே திறந்தா?"

"தெரியல அண்ணாச்சி."

சாவி என் இடுப்பில் தொங்கியது. அதைப் பார்த்தார். பெட்டியைப் பைய மூடினார்.

குழு வந்து கேட்டபோது, "என் கைதான் தவறிட்டு" என்றார். நான் பக்கத்தில் காப்பித் தட்டோடு நின்றேன். குழுவுக்குக் காப்பியை நீட்டினேன். வெட்கங்கெட்டவன். அந்த மாதமே அண்ணாச்சி ஊரைவிட்டுப் போனார்.

அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. பஞ்சு மாதிரித் தூசி. ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன். அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும், யாரும் சொல்லாமலே, பைய நடக்கிறேன்.